தொகுதிக்கு வந்து வாசிக்க வேண்டிய கணக்கு

(காரைக்குடியில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



நம் சட்டமன்ற உறுப்பினரைப் பார்த்தால் என்ன கேட்கிறோம்? கழனிவாசலில் ஒரு நிழற்குடை, செக்காலைப் பக்கம் ஓர் உயர்கோபுர விளக்கு, பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை, கிராமத்துக்கு ஒரு நாடக மேடை. அவரும் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து செய்து கொடுக்கிறார். செய்தால் பேரைக் கல்லில் பொறிக்கிறோம். செய்யாவிட்டால் அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரும்போது தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்கிறோம். அந்த நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதற்குக் கறாராகக் கணக்குக் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான்.

அதே உறுப்பினர் சென்னையில் கோட்டைக்குள் உட்கார்ந்து, துறை துறையாக மானியக் கோரிக்கைகள் வரும்போது ஆதரித்தோ எதிர்த்தோ குரல் கொடுக்கிறார். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழக அரசின் மொத்தச் செலவு மதிப்பீடு 4,39,293 கோடி ரூபாய். 234 தொகுதிகளுக்கும் சமமாகப் பிரித்துப் பாருங்கள். தொகுதிக்கு 1,877 கோடி வருகிறது. 2026 மார்ச் இறுதியில் நிலுவையில் நிற்கும் என்று மதிப்பிடப்பட்ட கடன் 9,29,959 கோடி. அதையும் பிரித்தால் தொகுதிக்கு 3,974 கோடி. மூன்று கோடிக்கு இத்தனை கேள்வி கேட்கிற நாம், இந்த 1,877 கோடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் வந்து சொன்னதில்லை. எந்தக் கட்சிக்காரரும் சொன்னதில்லை. மாநிலத்தின் பணமுடையை அவர் தொகுதிக்கு வந்து நம்மிடம் பேச வேண்டும், நாம் உட்கார்ந்து கேட்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

வேறு ஊரில் இதைச் சொன்னால் கணக்கு நமக்குப் புரியாது என்று யாராவது எழுந்திருப்பார்கள். காரைக்குடியில் அப்படிச் சொல்ல முடியாது. ரங்கூனிலும் மோல்மேனிலும் பினாங்கிலும் கிட்டங்கி வைத்து லேவாதேவி நடத்திய நகரத்தார் என்கிற செட்டியார் குடும்பங்கள் இந்த மண்ணில் இருந்தன. கொண்டுவிற்கப் போன முகவர் மூன்றாண்டுக் கணக்கு முடிந்து ஊர் திரும்புவார். அதற்கிடையில் ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, கடல் கடந்து வந்துகொண்டே இருக்கும். முதலாளி வளவில் உட்கார்ந்து அதை வரி வரியாகப் படிப்பார். கடனே கூடாது என்று நினைத்தவர்கள் அல்ல அவர்கள். கடன்தான் அவர்கள் தொழில். அவர்கள் கேட்ட கேள்வி வேறு: எதற்காக வாங்கினது? வட்டி எதிலிருந்து வரும்? வராக்கடன் எவ்வளவு? 1930களில் உலகமெங்கும் விலை வீழ்ந்தபோது பர்மா விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் கைக்கு வந்தது. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது, பத்தாண்டு முடிவதற்குள் அது நூற்றுக்கு இருபத்தைந்தாக ஏறியது. விற்க முடியாத நிலம், திரும்பாத முதல். கெட்ட கடன் கொடுத்தவனையும் வாங்கியவனையும் சேர்த்து இழுக்கும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்ட ஊர் இது. அரசாங்கத்தின் வரவு செலவையும் அந்த ஐந்தொகையைப் படிப்பது போலப் படிக்கலாம். வணிகவியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், அதில் வித்தை ஒன்றும் கிடையாது.

படித்துப் பார்ப்போமா? 2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த அறிக்கையையே எடுத்துக்கொள்ளலாம். வருவாய் வரவு 3,31,569 கோடி. வருவாய்ச் செலவு 3,73,204 கோடி. துண்டு விழுவது 41,635 கோடி. இது வருவாய்ப் பற்றாக்குறை. அதாவது சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று அன்றாடம் செலவாகிற பணத்துக்கே வரவு போதவில்லை. சம்பளம் 90,464 கோடி, ஓய்வூதியம் 41,290 கோடி, மானியங்களும் உதவித்தொகைகளும் 1,53,724 கோடி, வட்டி 70,000 கோடியைச் சற்றுத் தாண்டுகிறது. இந்த நான்கையும் கூட்டினாலே மொத்த வரவைத் தாண்டிப் போகிறது. மருந்து வாங்க, வண்டிக்கு டீசல் போட, கட்டடம் பராமரிக்க இன்னும் காசு வேண்டும். மூலதனச் செலவையும் அரசு கொடுக்கிற கடன்களையும் சேர்த்தால் மொத்த நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. கடன் வாங்கி ஈடுகட்டும் இந்தத் தொகையில் நூற்றுக்கு 39 ரூபாய் அன்றாடச் செலவுக்கே போய்விடுகிறது.

நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் இதைப் படித்தால் விரல் முதலில் அந்த 39 ரூபாயில்தான் போய் நிற்கும்.

கடன் எங்கே வாங்குகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும். மாநில அரசு கடன் பத்திரம் வெளியிடுகிறது. ரிசர்வ் வங்கி அதை ஏலம் விடுகிறது, பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வைப்பு நிதி அமைப்புகளும் எடுக்கின்றன. நீங்கள் எல்ஐசிக்குக் கட்டுகிற பிரீமியத்தில் ஒரு பகுதி இப்படி ஏதோ ஒரு மாநிலத்தின் கடனாகச் சுற்றி வருகிறது. அந்தக் கடனுக்கான வட்டி சட்டமன்றத்தில் வாக்குக்கே விடப்படுவதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 202ஆவது பிரிவுப்படி அது தொகுப்பு நிதியின் மேல் சாட்டப்பட்ட செலவு. உறுப்பினர்கள் விவாதிக்கலாம், வேண்டாம் என்று வாக்களிக்க முடியாது. வட்டி ஏற ஏற, மக்கள் பிரதிநிதி கைவைக்கக் கூடிய பணம் சுருங்கிக்கொண்டே போகிறது என்று அர்த்தம்.

இந்த நிலைமை ஒரே நாளில் வந்ததல்ல. 2021 ஆகஸ்ட் 9ஆம் தேதி அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை குறித்து ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு வந்த வெள்ளை அறிக்கை. 2020-21இல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி என்றும், ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் பொதுக்கடன் இருக்கிறது என்றும் அதில் சொன்னார். அரசுப் பேருந்து ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 ரூபாய் 36 காசு நட்டம் என்றார். மாநிலப் பொருளாதாரம் வளர்ந்த அளவுக்குச் சொந்த வரி வருவாய் வளரவில்லை, 8 விழுக்காட்டைத் தாண்டியிருந்த விகிதம் 6க்கும் கீழே இறங்கிவிட்டது என்றும் காட்டினார். கொரோனாவுக்கு முன்பே, 2013 முதலே பற்றாக்குறை தொடங்கிவிட்டது என்பதுதான் அந்த அறிக்கையின் சாரம். முந்தைய ஆட்சியில் இருந்தவர்கள் மறுத்தார்கள், பதில் சொன்னார்கள். அந்த விவாதம் நல்லதுதான்.

அன்று அந்த அறிக்கையைத் தமிழ்நாடே பேசியது. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13ஆம் தேதி, திருத்திய நிதிநிலை அறிக்கை வந்தது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள், அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி வருமானம் போகும் என்பதையும் கூடவே சொன்னார்கள். குறைப்பதையும் அதனால் இழப்பதையும் ஒரே மூச்சில் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பேச்சு சென்னையோடு நின்றுபோனதுதான் குறை. 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது, செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. நம் ஊரில் வீட்டு வாசலில் நோட்டீஸ் வந்தபோது முத்துப்பட்டணத்தில் எத்தனை பேருக்கு அந்த வெள்ளை அறிக்கை ஞாபகம் வந்திருக்கும்? சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகு சொத்து வரி திருத்தப்படவே இல்லை, அதனால்தான் ஒரேயடியாக ஏறியது என்று யாராவது தெருவில் நின்று சொன்னார்களா? ஆளுங்கட்சியினர் பேசாமல் இருந்தார்கள், எதிர்க்கட்சியினர் கண்டன ஆர்ப்பாட்டம் நடத்தினார்கள். இரண்டுமே கணக்குச் சொல்வது ஆகாது. பழனிவேல் தியாகராஜன் மதுரை மத்திய தொகுதி உறுப்பினராக இருந்து தம் செயல்பாட்டு அறிக்கையை அச்சிட்டுத் தொகுதி மக்கள் முன் வைத்து வந்தவர். அந்த வழக்கத்தை மற்ற 233 பேரும் பின்பற்றியிருந்தால் வெள்ளை அறிக்கை ஒவ்வொரு ஊர்ச் சாவடிக்கும் போயிருக்கும்.

மக்களிடம் சொல்லாமல் பணமுடையைச் சமாளிக்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது. 2001இல் ஆட்சிக்கு வந்த ஜெயலலிதா அரசின் நிதியமைச்சர் பொன்னையன் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். அப்போதும் கஜானா காலி. நெருக்கடி உண்மை, மறுக்க முடியாது. அதற்கு எடுத்த மருந்து என்ன? அரசு ஊழியர்களின் விடுப்புச் சரண், போனஸ், ஓய்வூதியச் சலுகைகளில் வெட்டு. வருமானம் கொஞ்சம் கூடுதலாக இருந்தவர்களுக்கு 'எச்' முத்திரை போட்ட ரேஷன் கார்டு, அரிசி கிடையாது. விவசாயிகளின் இலவச மின்சாரம் நிறுத்தம். 2003 ஜூலை 2ஆம் தேதி அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நாட்களுக்குள் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வீட்டுக் கதவைத் தட்டிக் கைது செய்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஆகஸ்ட் 6ஆம் தேதி வந்த தீர்ப்பில் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று சொல்லிவிட்டார்கள். பெரும்பாலானோர் வேலைக்குத் திரும்பினார்கள் என்றாலும், இந்த அரங்கிலேயே அந்த ஜூலை மாதத்தை மறக்காத ஆசிரியர்கள் இருப்பீர்கள்.

கணக்கை மட்டும் பார்த்தால் அந்த நடவடிக்கைகளுக்குப் பலன் இருந்தது. 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் வந்தது, 2005-06இல் வருவாய் உபரியும் வந்தது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. ஆனால் நடுவில் 2004 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது. தமிழகத்தின் 39 தொகுதிகளில் ஆளுங்கட்சிக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அடுத்த சில நாட்களிலேயே எச் கார்டு போயிற்று, இலவச மின்சாரம் திரும்பி வந்தது, ஊழியர்கள் மேல் எடுத்த பல நடவடிக்கைகள் ரத்தாகின. அன்றிலிருந்து எந்தக் கட்சியும் தமிழ்நாட்டில் சிக்கனம் என்ற பேச்சை வாய்விட்டு எடுப்பதில்லை. 'சொன்னால் தோற்போம்' என்று பாடம் படித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் தோற்றது சொன்னதற்காக அல்ல, சொல்லாமல் அடித்ததற்காக. அந்த நேரத்தில் ஒரு தொகுதியிலாவது உறுப்பினர் ஒருவர் ஆசிரியர்களையும் விவசாயிகளையும் ஒரே பந்தலில் உட்கார வைத்து, இவ்வளவுதான் வரவு, இதில் எதைக் குறைக்கலாம் என்று கேட்டிருந்தால் அவர்கள் கல்லெறிந்திருக்க மாட்டார்கள்.

இப்படிச் சொன்னவரும் இந்த மாகாணத்தில் இருந்தார். 1937இல் சென்னை மாகாணப் பிரதமராக வந்த ராஜாஜி, நிதிப் பொறுப்பையும் தம் கையிலேயே வைத்திருந்தார். அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அக்காலத்தில் மாகாண வருமானத்தில் பெரும் பங்கு கள், சாராயக் குத்தகை. அதை விட்டால் ஈடு எங்கே? 1939இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே முதல்முறை. வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பையும் அவர் நேருக்கு நேர் வாங்கிக்கொண்டார். ராஜாஜியின் எல்லாக் கொள்கையையும் ஏற்கிறவன் அல்ல நான். ஆனால் இதை நிறுத்துகிறேன், அதற்கு இந்த வரியைப் போடுகிறேன் என்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துச் சொன்ன அந்தத் துணிச்சல் இன்று எவரிடம் இருக்கிறது? டாஸ்மாக் மூலம் 2024-25இல் அரசுக்கு 48,344 கோடி ரூபாய் கிடைத்தது. கடையை மூடு என்று கோஷம் போடுகிற உறுப்பினர் மறுநாள் தொகுதிக்கு வந்து அந்த 48,344 கோடிக்கு மாற்று என்ன என்று பேச வேண்டும். கடை திறந்திருக்கட்டும் என்கிறவர், அந்தப் பணத்தில் எத்தனை வீட்டின் சம்பளம் கலந்திருக்கிறது என்று பேச வேண்டும். நான் மூடச் சொல்கிற பக்கம்தான். அதனால்தான் மாற்று வரியைப் பற்றிப் பேசவும் தயாராக இருக்கிறேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிதி நெருக்கடி என்றதும் சிலர் எடுத்த எடுப்பில் இலவசங்களால்தான் கெட்டோம் என்பார்கள். தேவகோட்டைக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஒருமுறை பார்த்தேன். தலையில் கூடையோடு ஏறிய ஓர் அம்மாவிடம் நடத்துநர் சீட்டை நீட்டினார்.

"காசுதான் இல்லையே தம்பி, சீட்டு எதுக்கு?"

"வாங்கிக்கங்கம்மா. இதை எண்ணித்தான் எங்களுக்கு சர்க்கார்ல பணம் குடுப்பாக."

அந்த அம்மா சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். நடத்துநர் சொன்னது அப்படியே உண்மை. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிழிக்கிற சீட்டைக் கணக்கிட்டு அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடு கொடுக்கிறது. 2025-26க்கு அதற்கு ஒதுக்கியது 3,600 கோடி. மகளிர் உரிமைத் தொகைக்கு 13,807 கோடி. பணம் பெரிதுதான். ஆனால் கூடையில் காய்கறி கொண்டுபோய் விற்கிற பெண்ணின் கையில் மிஞ்சுகிற காசு நம் ஊர்க் கடையில்தான் செலவாகிறது. வெளிப்படையாகத் தொகை குறிப்பிட்டு, ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கு வைத்துச் செய்கிற செலவு அது. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை.

மனத்தாங்கல் எதில் என்றால், தேர்தல் தேதி அறிவிக்கப்போகிற நேரத்தில் கணக்குப் போடாமல் வருகிற தள்ளுபடிகளில். 2021 பிப்ரவரி 5ஆம் தேதி, தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்க, 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய்க் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. போட்டிக்கு அடுத்த தரப்பிலிருந்து ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி என்று வாக்குறுதி. இந்தச் சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிரம்பாத ஆண்டில் கடன்பட்டவனுக்குத் தள்ளுபடி உயிர் மூச்சு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கூட்டுறவுச் சங்கத்துக்கு அந்தப் பணத்தை அரசு எந்த ஆண்டில், எந்த வரவிலிருந்து கொடுக்கும் என்று அந்த மேடைகளில் ஒருவரும் பேசவில்லை. ஒழுங்காகக் கட்டி முடித்த விவசாயி ஏமாளியாக நின்றான். அவனுக்குத் தொகுதி உறுப்பினர் என்ன சமாதானம் சொன்னார்?

தள்ளுபடிக்கும் வட்டிக்கும் போகிற பணம் எதிலிருந்து போகிறது? காவிரி-வைகை-குண்டாறு இணைப்புக் கால்வாயைக் கேளுங்கள். கரூர் மாயனூரிலிருந்து புதுக்கோட்டை வழியாகச் சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களுக்கு வெள்ளநீரைக் கொண்டுவர 262 கிலோமீட்டர் கால்வாய். திட்ட மதிப்பு 14,400 கோடி. 2021 பிப்ரவரி 21 அன்று புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். புதுக்கோட்டையிலிருந்து வைகை வரையிலான இரண்டாம் கட்டத்தில்தான் நம் மாவட்டம் வருகிறது. 2025-26இல் மாநிலம் முழுவதற்கும் மூலதனச் செலவு 57,231 கோடி. சாலை, பாலம், அணை, ஆஸ்பத்திரிக் கட்டடம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அன்றாடச் செலவுக்காகக் கடன் வாங்கிய அந்த 41,635 கோடி மட்டும் கையில் மிச்சமிருந்தால் இப்படிப்பட்ட கால்வாய் இரண்டு வெட்டலாம், மீதமும் இருக்கும். இளையான்குடிப் பக்கத்துச் சம்சாரிக்கு வருவாய்ப் பற்றாக்குறை என்றால் என்ன என்று விளக்க இதைவிட வேறு பாடம் வேண்டாம். நம் கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீர் அந்த எண்ணுக்குள் நிற்கிறது.

தில்லியின் பங்கையும் விட்டுவிட முடியாது. ஒன்பதாவது நிதிக்குழுக் காலத்தில் மாநிலங்களுக்குப் பகிர்கிற வரியில் தமிழகத்தின் பங்கு 7.931 விழுக்காடு. பதினைந்தாவது நிதிக்குழுவில் 4.079. நாட்டின் மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 6 விழுக்காடு. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததற்கும் தொழில் வளர்த்ததற்கும் கிடைத்த தண்டனை என்று இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2,152 கோடியைப் பிடித்து வைத்ததும் அநீதிதான். மூன்று காலகட்டங்களில் மத்திய நிதியமைச்சராக இருந்த ப. சிதம்பரம் கானாடுகாத்தானில் பிறந்தவர், சிவகங்கைத் தொகுதியின் உறுப்பினராகப் பல முறை இருந்தவர். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு நிதிக்குழுவைப் பற்றிப் பேசத் தெரியாமல் இருக்கலாமா? உறுப்பினர்கள் தில்லியைக் குறை சொல்லும்போது மட்டும் புள்ளிவிவரம் பேசுகிறார்கள். சொந்த வரி ஏன் சரிந்தது என்று கேட்டால் அமைதியாகிவிடுகிறார்கள். இரண்டையும் ஒரே கூட்டத்தில் பேசினால்தான் நமக்கு நம்பிக்கை வரும்.

கடலுக்கு அப்பால் நடந்ததைப் பார்த்தோம். இலங்கையில் 2019 டிசம்பரில் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8ஆகக் குறைத்தார்கள். மக்கள் மகிழ்ந்தார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அந்த அரசு கைவிரித்தது. பால்மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள், சிலர் வரிசையிலேயே மடிந்தார்கள். இந்தியாவில் ஒரு மாநிலம் அப்படி ஒரே இரவில் விழாது. மாநிலத்துக்குச் சொந்த நாணயம் இல்லை, வெளிநாட்டுக் கடனிலும் அந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. மாநிலத்தின் நெருக்கடி ஓசையில்லாமல் வரும். காலியான ஆசிரியர் பணியிடம் காலியாகவே இருக்கும். செவிலியர் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்பார். போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வுபெற்றவர்கள் பணப்பலனுக்கும் அகவிலைப்படிக்கும் தெருவில் நின்று போராடியதை, மருது பாண்டியர் போக்குவரத்துக் கழகம் தலைமையிடமாக வைத்திருந்த இந்த ஊருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உறுப்பினர் என்ன செய்ய வேண்டும் என்கிறீர்களா? 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் எல்லா உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதிக்கு மிகவும் தேவையான பத்துப் பணிகளைப் பட்டியலிட்டு ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். நல்ல ஏற்பாடு. அந்தப் பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மக்களைக் கூட்டிக் கேட்டவர்கள் எத்தனை பேர்? கேட்கட்டும். கேட்கும்போது ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்பதையும் எழுதி வைக்கட்டும். நம் ஊர் இப்போது மாநகராட்சி, பகுதி சபைக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிராமங்களில் கிராம சபை கூடுகிறது. மார்ச்சில் நிதிநிலை அறிக்கை முடிந்து, மானியக் கோரிக்கை விவாதங்களும் முடிந்த பிறகு, உறுப்பினர் அங்கே வந்து ஒரு மணி நேரம் உட்காரட்டும். எந்தக் கோரிக்கைக்கு ஆதரவு கொடுத்தார், எதை எதிர்த்தார், ஏன்? நம் மாவட்டத்துக்கு ஒதுக்கியது எவ்வளவு, போன ஆண்டு ஒதுக்கியதில் செலவானது எவ்வளவு? இந்திய கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கையில் நம் பகுதியைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? எதிர்க்கட்சி உறுப்பினர் என்றால் தட்டிக்கழிக்க வழியில்லை. அவர் பதில் இன்னும் விரிவாக இருக்க வேண்டும், மாற்றுக் கணக்கோடு. கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கித் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தபோது, ஊர்க் கூட்டங்களில் சாதாரண மக்கள் ஒதுக்கீட்டைப் பற்றி மணிக்கணக்கில் விவாதித்தார்கள். அங்கும் குறைகள் உண்டு, இன்று அந்த மாநிலமும் பணமுடையில்தான் இருக்கிறது. ஆனாலும் அங்குள்ள பஞ்சாயத்து உறுப்பினருக்குத் தம் ஊர் ஒதுக்கீடு மனப்பாடம்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. அவர் வந்து, சொத்து வரி இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக ஏறத்தான் வேண்டும் என்றால், எழுந்து கூச்சல் போடாமல் ஏன் என்று கேட்க வேண்டும். நகரத்தார் கோயில்களுக்குப் புள்ளி வரி கொடுக்கிற ஊர் இது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, ஊர் கூடித் தொகையை முடிவு செய்து, கணக்கையும் ஊர் கூடியே கேட்கும். வரி என்றால் முகம் சுளிக்கிற ஊர் என்று யாரும் நம்மைச் சொல்ல முடியாது. தெரியாமல் போடுகிற வரிக்குத்தான் நாம் முகம் சுளிப்போம்.

பேசி முடிக்கிறேன். நிதிநிலை அறிக்கைக்கு அரசு வெளியிடும் சுருக்கம் தமிழிலேயே இருக்கிறது. சில பிரதிகள் எடுத்து வந்து வாசலுக்குப் பக்கத்து மேசையில் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்துப் பட்டியலை வீட்டுக்குப் போய் ஒருமுறை பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இங்கேயே மறுபடி கூடலாம் என்று அமைப்பாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நம் தொகுதி உறுப்பினரையும் சென்ற முறை தோற்றவரையும் சேர்த்து அழைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அழைப்புக் கடிதத்தில் நம் கேள்விகளையும் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடலாம். இப்போது உங்கள் கேள்விகளைச் சொல்லுங்கள், நான் குறித்துக்கொள்கிறேன்.